ஒரு கிருமியின் வரைபடம்

பேராசிரியர் இரத்தினசிங்கம் பிழையான வட்டத்தைத் தொட்டார்.

திரையில் இரும்பு உள்ளே போகும் பாதை ஒளிர வேண்டிய இடத்தில் சர்க்கரை உடையும் பாதை ஒளிர்ந்தது. அவர் கவனிக்கவில்லை.

"பாருங்கோ, இரும்பு எப்பிடிப் போகுதெண்டு" என்றார்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடற்கரைக்கும் நடுவில் ஒரு ஹோட்டல் மண்டபம். அறுபது மருத்துவர்கள் சர்க்கரையைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

நான் கடைசி வரிசையில் இருந்தேன்.

அந்த வரைபடம் என் நாலு வருடம். நுரையீரலைப் பிடிக்கும் ஒரு கிருமி எதைத் தின்று எதை உண்டாக்குகிறது, எந்த மரபணு எதைத் திறந்து எதை மூடுகிறது, எந்த மருந்து எதைத் தடுக்கிறது என்று ஆயிரத்து நூறு கோடுகள். ஒரு வட்டத்தைத் தொட்டால் அது எதையெல்லாம் அசைக்கிறது என்று நிறம் மாறிக் காட்டும். அத்தனையையும் போட்டவள் நான். அவர் போட்டது டை மட்டும்.

புரதத்தை மரபணு என்றார். மரபணுவைப் புரதம் என்றார்.

"எங்கட காலி வீதி மாதிரித்தான். ஒரு சந்தியை அடைச்சா பஸ் மற்ற றோட்டால போகும்."

மண்டபம் சிரித்தது. போன மாதமும் இதே பகிடிதான், இதே இடத்தில் ஒரு கனைப்போடு. ரோல்ஸ் தட்டோடு போன வெயிட்டர்கூட இதைவிடத் திருத்தமாகச் சொல்லியிருப்பார்.

பின்பக்கத்தால் ரயில் போனது. திரை நடுங்கியது. சத்தம் ஓயும்வரை அவர் பேசாமல் நின்றார். அந்த அரை நிமிடம்தான் அவர் பிழை விடாமல் இருந்தார்.

முன்வரிசையில் ஒரு பெண் எழும்பினார். பிள்ளைகள் வார்டில் வேலை செய்யும் டொக்டர் லுத்பியா. திரைக்குக் கிட்டப் போய் ஒரு பச்சை அம்புக்குறியில் விரலை வைத்தார்.

"எங்கட வார்ட்ல ஒரு புள்ள இரிக்கி. எந்த மருந்தக் குடுத்தாலும் கிருமி வெளிய தள்ளிருது. இந்த மருந்தயும் சேத்துக் குடுத்தா தள்ளுறது நிக்குமெண்டு இந்த அம்பு காட்டுது. இது நீங்க செஞ்சி பாத்த தானே?"

இரத்தினசிங்கம் திரையைப் பார்த்தார். அவருக்கு அந்த அம்புக்குறி எதுவென்றே தெரியாது. இனி என்ன உளறப்போகிறார் என்று காத்திருந்தேன். சந்தோஷமாகவே காத்திருந்தேன்.

"டொக்டர், எனக்கு இதில பாதி விளங்காது" என்றார். "நான் கதைக்கிற ஆள் மட்டும். இது முழுக்க ரஜனியின்ர வேலை. செய்து பாக்காமல் அவ ஒரு கோடும் போடமாட்டா. பின்னுக்கு இருக்கிறா, கேளுங்கோ."

அறுபது தலைகளும் திரும்பின. அவர் எனக்காகக் கைதட்டத் தொடங்கினார். மற்றவர்களும் சேர்ந்து தட்டினார்கள்.

லுத்பியா தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் எழும்பினேன்.

"ஓம் டொக்டர். மூண்டு தரம் செய்து பாத்தனான்."

அவர் முகம் தெளிந்தது. வார்டுக்குச் சொல்லப் போனை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனார்.

ஆயிரத்து நூறில் அந்த ஒன்றைத்தான் நான் செய்து பார்க்கவில்லை. இதே குடும்பத்து வேறொரு கிருமியில் அப்படி இருந்தது. இதிலும் அப்படித்தான் இருக்கும் என்று வரைந்துவிட்டேன்.