நேற்றுக்குப் போன கணினி

"போச்சு, புருல்சா. காலைல ஏதோ அப்டேட் கேட்டுச்சு, அமுக்கித் தொலைச்சிட்டேன். திரை கறுப்பா நிக்குது," என்றார் சுயுன்பெக்.

நரீன் மலைப் பனியேரிக் கண்காணிப்பு நிலையத்தின் இயக்குநர் அவர். பன்னிரண்டு மணிக்குள் ஏரியின் நீர்மட்ட அளவு அடிவாரக் கிராமங்களுக்குப் போயாக வேண்டும். பனி உருகும் இந்த வெயிலுக்கு ஏரி எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. மணி இப்போதே பதினொன்றே முக்கால்.

கணினிப் பொறுப்பாளர் புருல்சா தேநீர்க் கிண்ணத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஒற்றைக் கையால் கணினியை அணைத்து மறுபடி போட்டாள். தேதி வாரியாக ஒரு பட்டியல் வந்தது.

"தினமும் சாயங்காலம் சிஸ்டம் எப்படி இருக்கோ அப்படியே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சிருக்கேன், பைக்கே. நேத்து எடுத்ததுலேருந்து கிளப்புறேன்." அந்த ஊரில் அண்ணனைப் 'பைக்கே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அப்ப இன்னைக்குக் காலைல நடந்தது?"

"நடக்கவே இல்லைன்னு கணினி நெனச்சுக்கும்."

சுயுன்பெக் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "காலைல நான் எழுதினதும் போயிடுமா?"

"பறக்காதீங்க. இதென்ன உங்க குதிரையா, விலாவுல ஒண்ணு வெச்சா ஓடுறதுக்கு?"

இரண்டே நிமிடம். கணினி எழுந்துகொண்டது. ஏரிக்கரைக் கருவியின் அளவு வந்து விழுந்தது. கிராமங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

சுயுன்பெக் அவளையே பார்த்தார். ஆறு வருடமாக இவள் தேநீர் குடிப்பதை மட்டும்தான் பார்த்திருக்கிறார். இந்த வேலையைப் பார்த்ததில்லை.

"உன் கையைக் கும்பிடணும், தங்கச்சி. நான் எழுதினது போனா போகட்டும், விடு."

"ஏன் போகணும்? ஒரே வட்டுதான், ஆனா உள்ளே தனித்தனி அறை மாதிரி, சிஸ்டத்துக்கு ஒரு சப்வால்யூம், உங்க கோப்புக்குத் தனி சப்வால்யூம். நேத்துக்குப் போனது சிஸ்டம் மட்டும்தான். உங்க எழுத்து ஒண்ணுகூடக் குறைஞ்சிருக்காது. பாருங்க."

"வேண்டாம்மா, அப்புறம்..." என்று அவர் எழுவதற்குள், கடைசியாகச் சேமித்த கோப்பை அவள் திறந்துவிட்டாள்.

'இந்த நிலையத்தில் கணினி கெட்டுப்போவதே இல்லை. ஆகவே கணினிப் பொறுப்பாளர் புருல்சா அடுத்த மாதம் முதல் தேவையில்லை.'

புருல்சா அதை நிதானமாக இரண்டு முறை படித்தாள்.

"கையெழுத்து மட்டும்தான் பாக்கி, பைக்கே," என்றாள்.