பெயர் சொல்லும் குழாய்

எந்தக் குழந்தையின் குடலில் கிருமி குடியேறியதோ, அதன் பெயரைத் தெருக்குழாய் விடியலில் உரக்கச் சொல்லும். குழாய்க்குப் பேசக் கற்றுக்கொடுத்த அரசு, அதில் நல்ல தண்ணீர் விட மறந்தது! பெயர் ஒலித்த பிள்ளைகள் எல்லாம் வயிற்றுப்போக்கில் வற்றி மடிந்தார்கள். ஆகவே, அத்தெருவினர் பெயர் வைப்பதையே நிறுத்தினார்கள்.

"வயசு ஒண்ணாச்சே பூவாத்தா, இன்னுமா பேரில்லாம கெடக்கு உம் புள்ள?" என்றாள் பக்கத்து வீட்டு அஞ்சலை.

"பேரு வச்சா குழாய் கூப்பிடும்க்கா."

ஆனாலும் மகளைக் குளிப்பாட்டுகையில், தலையில் தண்ணீர் ஊற்றியபடி, "என் மகிழம்பூ" என்று காதோரம் கொஞ்சுவாள் பூவாத்தா. அதுவும் அந்தக் குழாயின் தண்ணீர்தான் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் விடியலில் அவள் குடத்தை வைத்து நிமிர்வதற்குள் குழாய் பேசியது.

"என் மகிழம்பூ" என்றது, அவள் குரலிலேயே.