கைராசிக்காரர்

“புல்லை ஒட்ட வெட்டுப்பா! பந்து நகரவே மாட்டேங்குது!”

கோல்ஃப் மைதானத்தில் டாக்டருக்குத் தினமும் இதே பாட்டுதான். இந்த வெயிலில் ஒட்ட வெட்டினால் புல் கருகிவிடும். பராமரிப்பாளர் வெட்டவில்லை. புல்லில் பந்து எவ்வளவு வேகமாக உருளும் என்று தினமும் எழுதிவைக்கும் வாசல் பலகையில் ‘பந்தின் வேகம்: எட்டு’ என்றிருந்ததை அழித்துப் பத்து என்று எழுதினார்.

“இன்னைக்குப் பந்து பறக்குதே! கைராசிக்காரன்பா நீ!” டாக்டர் முதுகில் தட்டினார்.

தட்டிய இடம் உறுத்திக்கொண்டே இருந்தது. பராமரிப்பாளருக்குத் தூக்கம் போயிற்று. அதே டாக்டரிடம் மாத்திரை வாங்கி விழுங்கித்தான் தூங்கினார். ஒரு மாதம் பொறுத்தார். வேலை போனாலும் போகட்டும் என்று கிளினிக்குக்கே போய்ப் போட்டு உடைத்தார்.

“மன்னிச்சிடுங்க டாக்டர். புல்லைத் தொடவே இல்ல. நம்பரை மட்டும்தான் மாத்தினேன்.”

டாக்டரின் முகம் சுண்டிப்போயிற்று. “மாத்திரை போட்டா நல்லாத் தூக்கம் வருதா?”

“அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேன் டாக்டர்.”

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அது வெறும் சத்து மாத்திரைப்பா.”