ஆபீசர் வந்துபோன மத்தியானம்

"வேன் வந்துச்சுக்கா. தீபு எறங்கல."

ஷூ கம்பெனி லைனில் ஃபோன் வைத்துக்கொள்ளக்கூடாது. சூப்பர்வைசர் ஃபோனுக்குத்தான் வந்தது. ஷர்மிளாவின் கையில் பாதி தைத்த தோல் இருந்தது.

பேசியவள் பக்கத்து வீட்டு ஷஹீன் பானு. தினமும் மத்தியானம் தெருமுனையில் நின்று ஷர்மிளாவின் மகள் தீபுவைப் பள்ளிக்கூட வேனிலிருந்து இறக்கிக்கொள்பவள்.

"இன்னா சொல்ற? டிரைவரைக் கேட்டியா?"

"கேட்டேன். 'ஏறுனதுங்கள எறக்கிட்டேன், ஏறாததுக்கு நான் இன்னா பண்றது'ன்னு போய்ட்டான் பேமானி."

கேட் பாஸில் கையெழுத்து வாங்கினாளா, வாங்காமலே ஓடினாளா, அவளுக்கு நினைவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோ பிடித்தாள்.

பைபாஸ் லாரிகளை நினைத்தாள். அதை நினைக்காமல் இருக்க வேறொன்றை நினைத்தாள். அது இன்னும் மோசம்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தோல் கம்பெனித் தண்ணீர் ஓடுகிற கால்வாய். கறுப்பாக, நுரை கட்டி, ஆழம் தெரியாமல் ஓடும். சுவரில் ஓரிடம் இடிந்து கிடக்கிறது. ஒரு பிள்ளை நுழையப் போதும்.

"சீக்கிரம் போண்ணா."

"பறக்கவாம்மா முடியும்?"

வீட்டை இடித்துக் கட்டிய பள்ளிக்கூடம் அது. எல்கேஜி பிள்ளைகள் மத்தியானமே போய்விடும். மாடியில் பெரிய வகுப்புகள் இரைந்துகொண்டிருந்தன. வாசலிலேயே மிஸ் நின்றாள்.

"வேன்லதான் ஏத்தியிருப்போம். காலைல ஆபீசருங்க வந்திருந்தாங்க, ஒரே கூட்டம்..."

"ஏத்தியிருப்பீங்களா, ஏத்துனீங்களா மிஸ்? பின்னாடி கால்வா இருக்கு..."

"ஷ்! கத்தாதீங்க. மேல கிளாஸ் நடக்குது."

ஷர்மிளாவின் குரல் தானாக இறங்கிவிட்டது.

ஃபீஸ் கட்டுகிற தாய் என்றால் கத்தலாம். தீபுவுக்குக் குலுக்கலில் விழுந்த ஃப்ரீ சீட்டு. பணம் சர்க்கார் கட்டுகிறது. பேர் வந்த அன்று தெருவுக்கே சாக்லேட் கொடுத்தாள். அன்றைக்கே ஒரு பயமும் வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது. கொடுத்தவர்கள் திருப்பிப் பிடுங்கிக்கொண்டால்?

அதனால் காணாமல் போன தன் பிள்ளையை, தூங்குகிறவளை எழுப்புவதுபோல மெல்லக் கூப்பிட்டாள்.

"தீபு... தீபும்மா..."

மாடிச் சத்தத்தில் அது அவள் காதுக்கே எட்டவில்லை.

பாத்ரூம் காலி. எல்கேஜி அறை காலி. இடிந்த சுவர் வழியாக எட்டிப் பார்த்தாள். நுரை அசையாமல் கிடந்தது. அசையாமல் கிடந்ததுதான் அவளைக் கொன்றது.

திரும்பி வரும்போது வாசலில் செருப்பு அடுக்கும் பலகையைப் பார்த்தாள். பெரிய ஷூக்களுக்கு நடுவில் ஒரு ஜோடி சின்ன ஷூ.

"மிஸ், ஷூ இங்க இருக்கு! ஷூ போடாம வேன்ல ஏறுமா?"

பெருக்கிக்கொண்டிருந்த ஆயா சவுரியம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"பொம்மை ரூமு," என்றாள். "ஐயோ, பொம்மை ரூமு."

ஆபீசர் வந்தால் மட்டும் வெளியே வருகிற பொம்மைகள் அவை. மரக்குதிரை, கலர் கட்டைகள், சமையல் சாமான். ஆபீசர் வண்டி கிளம்பியதும் சவுரியம்மாள் அத்தனையையும் உள்ளே வாரிப்போட்டுப் பூட்டிவிடுவாள். இன்றைக்கும் அப்படித்தான் பூட்டினாள். பொம்மை பின்னாடியே ஒரு பிள்ளை போகும் என்று யார் கண்டது?

சவுரியம்மாள் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தாள்.

பிளாஸ்டிக் உறை பிரிக்காத மரக்குதிரைக்கும் சுவருக்கும் நடுவில் தீபு உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. யூனிஃபார்ம் நனைந்திருந்தது. ஷர்மிளா வாரி எடுத்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். அப்புறம் கோபம் வந்தது.

"வாயே இல்லையாடி உனக்கு? ஒரு சத்தம் போடக்கூடாது?"

பிள்ளை கதவருகே நின்ற மிஸ்ஸைப் பார்த்தது. அம்மாவின் காதில் வாயை வைத்து ரகசியமாகச் சொன்னது.

"போட்டேம்மா."

"பொய் சொல்லாத."

"இல்லம்மா, போட்டுச்சு," என்றாள் சவுரியம்மாள். அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தாள். "நான் கேட்டேன். ஏ ஃபார் ஆப்பிள், பி ஃபார் பால்னு சத்தம் வந்துச்சு. நடுவுல நடுவுல அழுகை. மேல யாரோ அடி வாங்கிட்டு ஒப்பிக்குதுன்னு நெனச்சு நான் பாட்டுக்குப் பெருக்கிட்டுப் போய்ட்டேன்."

ஷர்மிளாவுக்குப் புரியவில்லை. பிள்ளையின் முகத்தை நிமிர்த்தினாள்.

"அம்மான்னு கூப்பிட வேண்டியதுதானே கண்ணு?"

தீபு மறுபடியும் மிஸ்ஸை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காதுக்கு வந்தாள்.

"இங்க தமிழ்ல பேசினா சீட்ட புடுங்கிக்குவாங்கன்னு நீதானே சொன்ன? எனக்கு அவ்ளோதாம்மா இங்கிலீஷ் தெரியும்."

மாடியில் ஏதோ வகுப்பு முடிந்து மணி அடித்தது. மிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இதெல்லாம் வெளிய பேச வேணாம். நாளைக்கு யூனிஃபார்ம் துவைச்சுப் போட்டு அனுப்புங்க. ஃப்ரீ சீட்டுப் பசங்கள ஃபோட்டோ எடுக்கணும்."

சொல்ல வேண்டியது அத்தனையும் ஷர்மிளாவின் தொண்டை வரைக்கும் வந்தது. ஒவ்வொன்றும் சுத்தமான தமிழில் வந்தது.

பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"தேங்க்யூ மிஸ்," என்றாள்.