இடதா, வலதா?

பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டில், கதையை நடத்துவது எப்போதும் கணவர்தான். மனைவிக்கு அதில் ஒரே மனக்குறை. வீரர்கள் ஊரை விட்டுக் கிளம்பினால் போதும், "குகை வந்துடுச்சு" என்று மொத்தப் பயணத்தையும் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

மனைவியுடைய அக்காவின் புது வீட்டுக்கு விருந்துக்குப் போன அன்று மனிதர் ஆளே மாறிவிட்டார். வேனை ஓட்டிக்கொண்டே கதை சொன்னார். பின்னால் மனைவியும் அவள் தம்பியும் மடியில் தட்டை வைத்து, குனிந்த தலை நிமிராமல் பகடை உருட்டினார்கள்.

"பாதை ரெண்டாப் பிரியுது. இடது பக்கம் மேடு, வலது பக்கம் செங்கல் சூளை. எந்தப் பக்கம்?"

"குகைக்குப் போற வழியில செங்கல் சூளையா, மாமா?"

"கதை சொல்றது நானா, நீயா?"

தம்பி உருட்டினான். "சரி, வலது."

"வாத்துக் கூட்டம் வழிய மறிக்குது. நிக்கிறீங்களா, திரும்புறீங்களா?"

மனைவி சொக்கிப்போனாள். எவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறார். இத்தனை நாள் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியது வீண்போகவில்லை.

"குறுக்கே ஆறு. பாலமில்ல," என்றார் கணவர்.

"நீந்திப் போயிடுறோம்," என்று அவள் பகடையை எடுத்தாள்.

"வேன் நீந்தாதும்மா."

நிமிர்ந்து பார்த்தாள். வேனுக்கு முன்னால் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. "சாப்பாடு ஆறுதுடி. எங்கதான் இருக்கீங்க?" என்றாள் அக்கா.

மனைவி கணவரைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்குற? இவ்வளவு நேரம் வழி சொன்னது நீங்க ரெண்டு பேரும்தானே?"