நான்காவது பெயர்

1997இல் கொழும்பு வெள்ளவத்தையில் புரோலொக் படிக்க வந்தவர்கள் இருவர்தான். அந்தக் கணினி மொழியில் தெரிந்த உண்மைகளை எழுதிவிட்டுக் கேள்வி கேட்க வேண்டும். எழுதாததை அது இல்லை என்றே சொல்லும். அந்த நேர்மை இருவரில் ஒருத்தியான நேசமலருக்கு மிகவும் பிடித்திருந்தது.

முதல் பயிற்சிக்கு, வீட்டில் தங்கும் தமிழர் எல்லோரையும் காட்ட வேண்டிய பொலிஸ் பதிவுப் பத்திரத்தில் உள்ளபடி வீட்டாரை எழுதினாள்: அப்பா, அம்மா, தான். வீட்டில் யார் யார் என்று கேட்டாள். திரையில் நான்கு பெயர்கள் வந்தன. நான்காவது பிறேமகாந்தன். இரண்டு வருடங்களுக்கு முன் வேலைக்குப் போய்த் திரும்பாத, ஆறடி உயர அண்ணா.

"எழுதிப்போட்டு மறந்திட்டீர் போல," என்று சிரித்தான் பக்கத்தில் இருந்த நோபேட்.

"இல்லையப்பா, நீரே எண்ணிப் பாரும்."

மூன்று வரிகள்தான் இருந்தன. நோபேட் சிரிப்பை நிறுத்தினான்.

"இது தெரியாததைச் சொல்லாது," என்றாள் அவள்.

அன்று மாலையே பதிவுப் பத்திரத்தில் அண்ணாவின் பெயரைச் சேர்த்தாள்.

"இல்லாத ஆளை எழுதினா எங்களை உள்ளுக்குப் போடுவாங்கள், பிள்ளை," என்று அம்மா அழுதார்.

ஞாயிறு காலை பொலிஸ்காரர் வந்தார். ஒவ்வொரு பெயராக வாசித்து, எதிரே நின்றவர்களின் முகத்தைப் பார்த்தார். நான்காவது பெயரை வாசித்ததும், அம்மாவுக்குப் பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தைச் சற்று அண்ணாந்து பார்த்தார்.

"ஹரி," சரியென்று சிங்களத்தில் சொல்லித் தலையசைத்துக் கையெழுத்து வைத்தார்.