கெட்டிக்கார அம்மா

“முதலாம் ஆண்டுல இருபத்தாறு பிள்ளைங்க. அதுல சப்பாத்துக் கயிற்றைத் தானே கட்டுறது ஒரு பிள்ளைதான்” என்றார் ஆசிரியை கங்கா, பெற்றோர் கூட்டத்தில். “போன வாரம் புதுசா சேர்ந்த நம்ம ரூபினி. தலையைக்கூட அதுவே பின்னிக்குது. அம்மா எழுந்து, எப்படிப் பழக்குனீங்கன்னு சொல்லுங்க.”

ரவாங் தொழிற்சாலையிலிருந்து சீருடையோடு வந்திருந்த விஜயராணி தயங்கி எழுந்தாள்.

“நான் ஒண்ணுமே சொல்லிக் கொடுக்கல டீச்சர்.”

“என்ன ஓர் அடக்கம் பாருங்க” என்றார் ஆசிரியை. எல்லாரும் கைதட்டினார்கள்.

“நீங்க கெட்டிக்காரி லா” என்றாள் பக்கத்திலிருந்த பெண். “என் மவனுக்கு இன்னும் நான்தான் சோறு ஊட்டணும்.”

விஜயராணி அவளைப் பொறாமையோடு பார்த்தாள்.

வீடு வந்ததும் ரூபினி சப்பாத்தைக் கழற்றி ஜோடியாக வைத்தாள். தானே குளித்தாள். உள்சட்டையைத் தானே அலசிப் பிழிந்தாள்.

“தலையாவது அம்மா துவட்டி விடட்டுமா?”

“வேணாம். நானே செஞ்சுக்குவேன்.”

துவட்டி முடித்து, ஈரத் துண்டை மடித்துத் தன் துணிப்பைக்குள் வைக்கப் போனாள். அதற்குமேல் விஜயராணிக்குப் பொறுக்கவில்லை.

“நீ அம்மாகிட்டத் திரும்பி வந்து ஒரு வாரம் ஆச்சு. தினமும் ஏன்மா துண்டைப் பைக்குள்ளயே வைக்கிற? சுவத்துல எத்தனை ஆணி இருக்கு, மாட்டலாம்ல?”

ரூபினி சுவரைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

“ஆசிரமத்துல நாலு வருசமும் எனக்குப் பதினேழாம் நம்பர் ஆணி. இங்க என் ஆணி எதுன்னு நீங்க இன்னும் சொல்லலியே.”